பேர் கேட்காமல் எடுத்த ரத்தம்

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது அரை நிமிஷம்தான், மிச்சமெல்லாம் அடுத்தவர் வாசலில் நிற்பது.

கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர்கள், கூரியர் கொடுக்கிறவர்கள், ஏசி கழுவப் போகிறவர்கள், மீட்டர் பார்க்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெல் அடித்ததும் கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதை வைத்தே அந்த வீட்டில் நமக்கு என்ன மரியாதை என்று சொல்லிவிடுவோம். எனக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் ஒரு தடவை எடுக்கணும், அவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்கணும். பக்கத்தில் வேறு வீடு இல்லாத நாளில் அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருப்பது? கடலூரில் லேப். அங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் பைக்கில் நானும் ஐஸ் பெட்டியும். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் வரைக்கும் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, "வலிக்குமா?"

நான் கருப்பு. மாநிறம் என்று அம்மா சொல்லும். அம்மா மட்டும்தான் சொல்லும்.

போன வருஷம் சுதாம் என்கிற ஒடிசாக்காரர் ஒருவரின் வேலை என் கையால் போனது. அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேரே அங்கே போனால் நான் ரொம்பக் கெட்டவனாகத் தெரிவேன். என்னை நிறுத்தி வைத்த வாசல்களைக் காட்டிவிட்டுப் போனால் கொஞ்சம் நல்லவனாகத் தெரியலாம் என்று ஒரு ஆசை. அதனால் முதலில் வாசல்கள்.

கழுவிய நாற்காலி

மஞ்சக்குப்பத்தில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் வீடு. கார் நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் மூங்கில் மோடாவில் உட்கார்ந்து கையை நீட்ட, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எடுத்தேன். "டிபன் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துடுங்க தம்பி" என்றார். எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். அங்கிருந்து வீடு நன்றாகத் தெரிந்தது. அவர் வீட்டு அம்மா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து நான் உட்கார்ந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். திரும்பப் போனபோது அது இன்னும் காயவில்லை. நான் அதைப் பார்த்ததை அந்த அம்மா பார்த்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயிட்டு வருவீங்க, கிருமி இருக்கும்ல. தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. கிருமியாகத்தான் இருக்கும் என்று சேத்தியாத்தோப்பு போகிற வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். இந்த மாதிரி விஷயத்தில் கஷ்டமே இதுதான். யாரும் நம்மைத் திட்டுவதில்லை. திட்டியிருந்தால் வீட்டில் வந்து சொல்லலாம். நாற்காலியைக் கழுவினார்கள் என்று எப்படிப் போய்ச் சொல்வது? மறுவாரம் எனக்கு லீவு. எங்கள் லேப்பில் அருண் என்று ஒரு பையன், என் வயசு, என் படிப்பு, அதே பெட்டி, அதே கிருமி. ஆள் மட்டும் செக்கச் செவேலென்று இருப்பான். அவன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "அந்த வீட்டு அம்மா போடுற காபி இருக்கே மச்சான், ஹால்ல ஏசி போட்டு உக்கார வெச்சு ரெண்டு தடவ குடுத்தாங்க, நீ ஏன் இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

ஊரில் எந்தப் பக்கம்

சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர். தனியாக இருக்கிறவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்டார். "எந்த ஊரு?" புவனகிரி பக்கம் என்றேன். "பக்கம்னா? ஊர் பேரு இல்லையா?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்? ஏரிக்கரைப் பக்கமா, கோயில் பக்கமா?" கோயில் பக்கம் என்றேன். "தாத்தா பேரு என்ன?"

என்னைச் சின்ன வயசில் வளர்த்தது தாத்தாவின் கதைகள்தான். அவர் கதையில் ராஜாவோ திருடனோ யார் வந்தாலும் இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்னார் மகன் இன்னார் என்றுதான் உள்ளே வருவான். தெருப் பேரைச் சொன்னதும் அவன் என்ன ஆள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் டீச்சர் எங்கே வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. தாத்தா பேரைச் சொன்னேன். பேரோடு ஒட்டிக்கொண்டு வருகிற பட்டத்தையும் சேர்த்தே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னால் கதவு திறக்கும் என்று தெரிந்தே சொன்னேன். நாங்கள் பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம், அந்தச் சாவி என்னிடம் இருந்தது. அது இல்லாதவர்கள் அந்தச் சந்தில் என்ன செய்வார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. கதவு திறந்தது. சில்வர் டம்ளரில் காபி வந்தது. டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார்: "அதான பாத்தேன், கலர்தான் அப்பிடி இருக்கே தவிர மூஞ்சி களையா இருக்கேன்னு!"

மீன் வாடை

பிச்சாவரம் பக்கத்தில் மீன்காரக் குப்பம் ஒன்று. நடக்க முடியாத ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கணும். போன் பண்ணினபோது அவர் மருமகள், "ரோட்டு முனையிலயே நில்லுங்க சார், நாங்க தூக்கியாந்துடுறோம்" என்றது. நடக்க முடியாதவரை எதற்குத் தூக்கி வரணும் என்று நானே வீட்டைத் தேடிப் போய்விட்டேன். வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த மகன் எழுந்து நின்றார். உள்ளே பெரியவர் கட்டிலில். நரம்பு கிடைக்கவில்லை. வெயிலில் கறுத்து இறுகிய தோல். அதில் நரம்பைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்ததும் பெரியவர், "யோவ், இவன் என்னா தூங்குறான்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாப்பிட்ட பிறகு எடுக்கிற ரத்தத்துக்காக இரண்டு மணி நேரம் அங்கேயே, அவர்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்து மெதுவாகச் சொன்னது: "போன தடவ வந்தவரு மீன் வாடைன்னு எங்கள ரோட்டுக்கு வரச் சொன்னாரு. நீங்க உள்ள வந்து சாப்பிட்டத உங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க சார், அப்புறம் உங்கள அனுப்ப மாட்டாங்க."

அறுபத்தி நாலு கை

நல்லவனாகத் தெரிகிற பகுதி இத்தோடு முடிந்தது.

குடிகாடு பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி. ஒப்பந்த ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேப்பிலிருந்து என்னை மட்டும் அனுப்பினார்கள். ஷெட்டில் அறுபத்தி நாலு பேர் வரிசையாக நின்றார்கள், எல்லாரும் வடக்கே இருந்து வந்தவர்கள். எங்கள் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கையில் பட்டை கட்டுமுன் அவர் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்கணும். ரத்தம் எடுத்த பிறகு அவர் கண் முன்னால் டியூபில் ஸ்டிக்கர் ஒட்டணும். டீச்சரம்மா வீட்டிலும் அப்படித்தான் செய்தேன், குப்பத்திலும் அப்படித்தான் செய்தேன். அன்றைக்கு வெயில். ஷெட்டில் மருந்து நெடி. எனக்கு இந்தி வராது, அண்ணன் என்று அர்த்தமாம், அந்த 'பையா' ஒன்றுதான் தெரியும். லிஸ்டைப் பார்த்து முன்கூட்டியே எல்லா டியூபிலும் ஸ்டிக்கரை ஒட்டி வரிசையாக அடுக்கிவிட்டேன். பிறகு, "பையா, கை நீட்டு. அடுத்து. பையா, கை நீட்டு." வீடுகளில் எனக்கு 'நீட்டுங்க' தவிர வேறு சொல் வாயில் வந்ததே இல்லை. அன்றைக்கு அறுபத்தி நாலு தடவை 'நீட்டு' வந்தது.

ஒருத்தர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. முழங்கை மடிப்பு மட்டும்தான் பார்த்தேன். நடுவில் ஒரு தடவை மனசு உறுத்தியது. பேரையாவது கேட்டுவிடலாமா என்று பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எல்லாம் ஒரே மாவுல சுட்டதுதான் தம்பி, பேர் கேட்டு என்னா பண்ணப் போற, மள மளன்னு எடு!"

கவுண்டரில் நின்றவர்

ரிப்போர்ட் கொடுத்து மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் லேப் கவுண்டரில் ஒருவர் நின்றார். முப்பது வயசிருக்கும். கையில் நாலாக மடித்த ஒரு பேப்பர். ரிசப்ஷனில் இருக்கிற செல்வி அக்கா பார்க்காமலே, "பையா, ஹிந்தி நஹி, அப்புறம் வா" என்றது. அவர் தமிழில் சொன்னார், "எனக்குத் தமிழ் வரும் அக்கா. நாலு வருசம் இங்கதான் இருக்கேன்." செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தது. அவர் பேப்பரை விரித்தார். எங்கள் லேப் ரிப்போர்ட். பேர் சுதாம். கல்லீரல் சரியில்லை என்று இருந்தது. அதைப் பார்த்துக் கம்பெனியில் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாக வேலை இல்லை. "நான் நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன். திரும்பி எடுத்துப் பாருங்க" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான்தான் எடுத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

எடுத்தேன். சாயந்தரம் முடிவு வந்தது, அதுவரைக்கும் சுதாம் கவுண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமே இல்லை. மூன்று வாரத்தில் இவ்வளவு சுத்தமாகச் சரியாக வாய்ப்பில்லை. லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். சுதாம் இருபத்தி மூன்றாவது ஆள், இருபத்தி நாலாவது பிகாஷ் என்று ஒருவர். "அன்னைக்கு உங்களுக்குப் பின்னாடி நின்னது பிகாஷா?" என்று கேட்டேன். சுதாம் லிஸ்டை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. "பின்னாடிதான் நின்னான். அவனுக்கு நிக்க முடியல, தல சுத்துதுன்னான். நீ முன்னாடி போன்னு நான்தான் விட்டேன். நீங்க பேரு கேக்கல, அண்ணா."

வேண்டாம் என்ற எழுத்து

அப்படியானால் கல்லீரல் கெட்டிருப்பது பிகாஷுக்கு. அவர் ரிப்போர்ட்டில் நாங்கள் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். சுதாம் சொன்னார், பிகாஷின் கண் மஞ்சளாகிவிட்டதாம், சோறு இறங்குவதில்லையாம். லீவு கேட்டால் சூப்பர்வைசர் எங்கள் பேப்பரைக் காட்டி, எல்லாம் நல்லாத்தானே இருக்கு, நடிக்கிறியா என்கிறாராம். இன்னும் அதே மருந்து நெடியில் டிரம் உருட்டிக்கொண்டிருக்கிறார்.

மேனேஜரிடம் போனேன். கெட்டவர் இல்லை. எனக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், சுதாமுக்குப் புது ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடு, உடம்பு தேறிவிட்டது என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள், பாஸும் கிடைத்துவிடும். மற்றவனை மறுபடி டெஸ்டுக்கு வரச் சொல்லலாம், வந்தால் பார்ப்போம். நான், தப்பு நம்முடையது என்று எழுதிக் கொடுத்தால்தான் பிகாஷை இன்றைக்கே வெளியே விடுவார்கள் என்றேன். என் குரல் எப்போதும் சின்னது, அன்றைக்கு அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. அவர் என் தோளில் கை வைத்தார்: "எழுத்துல மட்டும் குடுக்காத தம்பி, வடக்கத்திப் பையனுங்க, அடுத்த மாசம் ரெண்டு பேருமே வேற ஊர்ல இருப்பானுங்க, நாமதான் இங்கயே இருக்கணும்."

ரஃபீக்

எழுதாமல் வீட்டுக்குப் போனேன். அதையும் சொல்லிவிடணும். ஒரு ராத்திரி முழுக்க மேனேஜர் சொன்னது நியாயம் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் லால்பேட்டையில் ஒரு வீடு. இருபத்தோரு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய பாய் ஒருவர். கறாரான ஆள், ஆனால் பேச்சு இனிப்பு. மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இட்லி சாப்பிட்டு முடித்து, இரண்டாவது ரத்தத்துக்குக் காத்திருந்த நேரத்தில் அந்த ஊர்க் கதையெல்லாம் சொன்னார். அங்கே மேஸ்திரியிலிருந்து முதலாளி வரைக்கும் இவர்களை எல்லாரையும் ரஃபீக் என்றுதான் கூப்பிடுவார்களாம். நண்பன் என்று அர்த்தமாம். "ஆனா நண்பனா கூப்புடல தம்பி. நீ யாரா இருந்தா எனக்கென்னான்னு கூப்புடுறது. நான், ஒரு மலையாளி, ஒரு பெங்காலி, மூணு பேரும் ஒரு ரூம்ல. மூணு பேரும் ரஃபீக். ஒரு நா பெங்காலி பண்ண தப்புக்கு எனக்கு ரெண்டு மாசம் லீவு கட். நான் இல்லன்னேன். அவன் என்னா சொன்னான் தெரியுமா? நீங்க எல்லாம் ஒரே மூஞ்சிதானடான்னான்." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இருபது வருஷத்துக்கு முந்தி நடந்தது.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டியூபைத் துடைப்பது போல் குனிந்துகொண்டேன். அந்த நேரம் மாடிப்படியில் சிமெண்ட் சட்டியோடு ஒருவர் இறங்கினார், வடநாட்டுக்காரர். படியில் கொஞ்சம் சிந்திவிட்டது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏய் பையா! உங்களுக்கெல்லாம் எத்தினி தடவடா சொல்றது?"

கேட்டில்

திரும்பி வரும் வழியில் சேத்தியாத்தோப்பில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் லேப் தாளில் நாலு வரி. ரத்தம் எடுத்தவன் பேர் கேட்கவில்லை, இரண்டு டியூப் மாறிவிட்டது, தப்பு என்னுடையது, பிகாஷை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கீழே என் பேர். லேப்புக்கு வந்து மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். முத்திரை குத்திக் கொடுத்தார். அதன் பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசியதில்லை, இன்று வரைக்கும்.

சுதாமைக் கூட்டிக்கொண்டு குடிகாடு போனேன். சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே வந்தார். தாளை இரண்டு தடவை படித்தார். உள்ளே ஆள் அனுப்பிப் பிகாஷை வரவழைத்தார். வந்தவரை அப்போதுதான் முகத்துக்கு நேரே பார்த்தேன். கண் எலுமிச்சம் பழம் போல் இருந்தது. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும், முகத்தைப் பார்த்திருந்தால். சுதாமின் பாஸ் என்னாச்சு என்று கேட்டேன். அவர் இடத்துக்கு அப்போதே வேறு ஆள் போட்டாச்சாம். எனக்குக் கோபம் வந்தது. சுதாம்தான் பேசினார், நாலு வருஷம் உங்களிடம்தானே வேலை பார்த்தேன் என்று. சூப்பர்வைசர் பிகாஷையும் பார்த்தார், சுதாமையும் பார்த்தார். கணக்கு சரியாகிவிட்டது போல முகம் தெளிந்தது: "அந்தப் பையா வெளிய போறான்ல, அந்த எடத்துக்கு இந்தப் பையா வரட்டும். எனக்குத் தலை எண்ணிக்கை கொறையக் கூடாது, அவ்ளோதான்."

மார்க்கெட் வாசலில்

அன்றைக்கே ஷேர் ஆட்டோவில் பிகாஷைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் படுத்திருந்தார். டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டி வந்திருக்கலாமே என்றார். பிறகு சொந்தக்காரர் ஒருவர் வந்து ஊருக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போனார். சுதாமுக்குப் பாஸ் வந்தது, சிநேகிதனின் இடத்தில். சுதாமின் வேலை என்னாச்சு என்று முதலிலிருந்தே காத்திருக்கிறவர்களுக்கு இதுதான் பதில். கிடைத்தது. அதைக் கேட்டு என்னால் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, கம்பெனிகளில் நடக்கிற கேம்புக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இப்போது அருண் போகிறான். போகுமுன், "எதுக்கு மச்சான் ஒரு பையாவுக்காக இவ்ளோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனோடு டீ குடிக்கப் போவதும் நின்றுபோனது. அவன் ஒன்றும் விரோதி இல்லை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வாசலில் சுதாமைப் பார்த்தேன். கையில் உருளைக்கிழங்குப் பை. கூட்டத்தில் அவரை நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். அதில் எனக்கு ஒரு அல்பப் பெருமை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்று பேசினார். எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். என்னால்தான் எல்லாம், மன்னிச்சிடுங்க என்றேன். பரவாயில்லை அண்ணா என்பார், கையைப் பிடித்துக்கொள்வார், நானும் பாரம் இறங்கி வீட்டுக்குப் போவேன் என்று எதிர்பார்த்தேன். கதையில் அப்படித்தானே வரும். சுதாம் பையைக் கீழே வைத்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, மணி அடிக்க அடிக்க என் கையில் கொடுத்தார். கோபமாக இல்லை, விலாசம் கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு வேல கெடச்சிடுச்சு அண்ணா. மருந்து இல்லாம மூணு வாரம் போனது பிகாஷுக்கு. அவன்கிட்ட சொல்லுங்க."

அந்தப் பக்கம் போனை எடுத்து யாரோ ஹலோ ஹலோ என்கிறார், அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தி தெரியாது, ஒடியாவும் தெரியாது, யோசித்துப் பார்த்தால் இதுவரைக்கும் தமிழில்கூடக் கேட்டு அவ்வளவாகப் பழக்கம் இல்லை.